ஹார்ட்லிபூலில் எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு கப்பல்

திருகோணமலையில் பிறந்த எனக்கு, 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி' என்ற பெயர் ஒன்றே டிக்கெட் எடுக்கப் போதுமாக இருந்தது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஹார்ட்லிபூலில் நிற்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவையும் கூட்டிப் போனேன். நாற்பது ஆண்டு தச்சு வேலை செய்தவர்.

1782இல் எங்கள் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போரின் நினைவாக வைத்த பெயர் அது. யாருக்கு வெற்றி என்றே தெளிவாகாத போர். ஊர் பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது. அதைப் போய் ஏன் கப்பலுக்குச் சூட்டினார்களோ!

கப்பலைக் கட்டியது பம்பாயில், வாடியா குடும்பத்தார். 1817இல் மலபார்த் தேக்கில் செய்தது இன்றும் தண்ணீரில் மிதக்கிறது. ஐரோப்பாவில் இதைவிடப் பழைய போர்க்கப்பல் எதுவும் மிதப்பில் இல்லை. கப்பலின் முன்முனையில் தலைப்பாகை கட்டிய ஒருவரின் சிலை.

பீரங்கித் தளத்தில் எல்லோரும் பீரங்கியைப் படம் பிடிக்க, அப்பா மட்டும் ஒரு விட்டத்தை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தார். "இதில் இரும்பாணி அடித்தால் லேசில் துரு ஏறாது, தம்பி. எண்ணெய் ஊறின மரம்." ஆங்கிலேயர் தங்கள் ஊரில் கப்பல் கட்டிய ஓக் மரத்தின் துவர்ப்பு இரும்பை அரிக்கும் என்று நான் படித்ததைச் சொன்னேன். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை. அவருக்கு அது செய்தியே அல்ல.

கீழ்த்தளத்தில் குனிந்தே நடக்க வேண்டும். நான் இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டேன். படிகள் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போகலாம். அப்பா ஏணியில் இறங்குவதுபோல் முதுகைக் காட்டி இறங்கி, என்னையும் அப்படியே இறங்கச் சொன்னார். துறையைச் சுற்றி அமைத்திருக்கும் பழங்காலக் கடைவீதி குழந்தைகளுக்குப் பிடிக்கும். நாங்கள் அங்கே அதிகம் நிற்கவில்லை.

தேக்குச் சிராய் ஏறினால் சீழ் பிடிக்கும் என்று அக்கால மாலுமிகள் அஞ்சினார்களாம். பீரங்கிக் குண்டு பட்டு மரம் சிதறும்போது பறப்பதெல்லாம் சிராய்தானே. இதைச் சொன்னதும் அப்பா வலது பெருவிரலை நீட்டினார். நகத்தடியில் வெள்ளையாக ஒரு பழைய தழும்பு.

"அலமாரி செய்தபோது," என்றார். "ஒரு மாதம் உளி பிடிக்கவில்லை."

இரண்டு மணி நேரம் போதும் என்று நினைத்துப் போனோம். நான்கு மணி நேரம் ஆனது. தடித்த மேற்சட்டை கொண்டு போங்கள். மேல்தளத்தில் வடகடல் காற்று காதைப் பிய்க்கிறது.