பிள்ளைக்குக் காதுவலி: உடனே ஆண்டிபயாடிக்கா, இரண்டு நாள் பொறுப்பதா?

என் மகளுக்கு நாலு வயது. சளியோடு காதுவலியும் சேர்ந்துகொள்ள, ராத்திரியில் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் காதுக்குள் பார்த்தார். ஒரு காதில் மட்டும் செவிப்பறை சிவந்திருந்தது, சீழ் இல்லை, காய்ச்சலும் 39 டிகிரிக்குக் கீழேதான். “இன்றைக்கே அமாக்சிசிலின் என்ற ஆண்டிபயாடிக்கைத் தொடங்கலாம். இல்லை, வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் பார்க்கலாம்” என்றார். நாங்கள் பொறுத்துப் பார்த்தோம். அடுத்த முறையும் அதைத்தான் செய்வேன்.

உடனே தொடங்குவதில் உள்ள நிம்மதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை, இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று, காதில் சீழ் வடிதல், 39 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல், இவற்றில் யோசிக்கவே வேண்டாம், மருந்துதான். இரத்தத்தில் தொற்று பரவி இரத்த அழுத்தம் விழுந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாடிக் ஏற வேண்டும். அது வேறு கணக்கு.

மற்றபடி இந்தக் காதுவலி பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆண்டிபயாடிக் இல்லாமலேயே பத்தில் ஆறு பிள்ளைகளுக்கு 24 மணி நேரத்தில் வலி போய்விடுகிறது. அந்த முதல் நாளில் ஆண்டிபயாடிக் வலியைக் குறைப்பதும் இல்லை. வயிற்றுப்போக்கும் தடிப்பும்தான் கூடுதலாக வரலாம். தேவையில்லாமல் கொடுத்தால், அடுத்த முறை உண்மையிலேயே தேவைப்படும்போது மருந்துக்கு அடங்காத கிருமி உடம்பில் தங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. நம் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. காய்ச்சல் டெங்கியாக இருந்தால் ஆண்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது. ஆனால் ‘மருந்துதான் கொடுக்கிறோமே’ என்று வீட்டில் கவனம் தளர்ந்துவிடும்.

பொறுத்துப் பார்ப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. எங்களை முடிவெடுக்க வைத்தது ஒரே ஒரு கேள்வி: நிலைமை மாறினால் உடனே திரும்பி வர முடியுமா? வீடு பக்கத்தில்தான், கார் இருக்கிறது, இரண்டு ராத்திரியும் கூடவே இருந்து பார்க்க நான் இருக்கிறேன். கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்: காதுக்குப் பின்னால் வீக்கம், காது முன்பக்கம் தள்ளி நிற்பது, கழுத்து விறைப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், தண்ணீர் குடிக்க மறுப்பது. இதில் ஒன்று தெரிந்தாலும் நேரம் பார்க்காமல் வர வேண்டும். மூன்றாம் நாளும் வலியோ காய்ச்சலோ விடாவிட்டால் மருந்து வாங்கிக்கொள்ள தனிச் சீட்டும் கொடுத்தார்.

வலி மருந்தையும் சரியாகக் கொடுக்க வேண்டும். பாராசிட்டமால் ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளை 15 மில்லிகிராம். 16 கிலோ பிள்ளைக்கு 240. சிரப் 5 மில்லியில் 120 என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. முதல் பாட்டிலில் 10 மில்லி ஊற்ற வேண்டும், இரண்டாவதில் 5 மில்லிக்கும் கொஞ்சம் குறைவு. லேபிளைப் படிக்காமல் பழைய அளவிலேயே ஊற்றினால் ஒன்று வலி அடங்காது, இல்லை மருந்து இரண்டு மடங்காகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார், “என்னம்மா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வெறும் காய்ச்சல் மருந்தோடயா வந்தீங்க?” என்று கேட்டார். அந்தக் காகிதத்தை வாசித்துக் காட்டிய பிறகு அவரும் என்னோடு சேர்ந்து காதுக்குப் பின்னால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்.

தொண்டைவலிக்கும் இதே வழி சரி என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. சிறுநீர்த் தொற்றும் எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. காதுவலியிலேயே கூட, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அப்பா அம்மா இருவருக்கும் ஷிஃப்ட் வேலை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வேளைக்கு வேளை மாறுகிறார், ராத்திரியில் வண்டி கிடைக்காது என்றால், பொறுக்கச் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் நான் இருந்தால் அன்றைக்கே மருந்தைத் தொடங்கச் சொல்லி டாக்டரிடம் கேட்டிருப்பேன்.