குன்னூரில் இரைச்சல் இசைக்கு ஒரு கிடங்கு: வாசித்தவனின் மதிப்புரை

குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து சற்று மேலேறினால், முன்பு தேயிலைப் பெட்டிகளை அடுக்கிவைத்திருந்த தகரக் கூரைக் கிடங்கு ஒன்றைச் சிறு நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். சென்ற ஐப்பசியில், இரைச்சலையே இசையாக்கும் நான்கு பேர் பங்கேற்ற இரைச்சல் இசை நிகழ்ச்சியில் நான் அங்கே 20 நிமிடம் வாசித்தேன். முப்பது பேருக்கு மேல் கொள்ளாத இடம் அது.

மின்சாரத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எங்கள் இசையில் வேண்டிய இரைச்சல் வேறு, வேண்டாத இரைச்சல் வேறு. ஒலிகளைக் கலக்கும் மிக்சரை ஒரு சுவரிலும் லேப்டாப் அடாப்டரை எதிர்ச்சுவரிலும் செருக நேர்ந்தால், இரண்டு எர்த்துக்கும் இடையே வளையம் உண்டாகி, 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் தன் மடங்குகளோடு ஸ்பீக்கரில் ஏறிக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு நுண்மையான ஒலியை எழுப்பினாலும் அடியில் அதுவே கிடக்கும். இந்தக் கிடங்கில் மேடைக்குரிய பிளக்குகள் யாவும் ஒரே போர்டிலிருந்து, ஒரே எர்த்தோடு வருகின்றன. ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை முழுவதும் ஏற்றிவிட்டுக் காதைக் கொடுத்தேன்; மெல்லிய சீற்றம் மட்டுமே கேட்டது. இதைவிடப் பல மடங்கு வாடகை வாங்கிய ஒரு நகரத்து அரங்கில் எனக்கு இது கிடைக்கவில்லை.

இரண்டாவது, அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் அனுபவம். குளிரில் நனைந்த வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கியதும் நான் திறக்கப் போனேன். "தம்பி, இப்பத் திறக்காதீங்க. அரைமணி நேரம் அப்படியே இருக்கட்டும், உள்ள சூடு ஒத்துப்போகணும்" என்று தடுத்தார். குளிர்ந்த கருவியை ஆட்கள் நிறைந்த வெதுவெதுப்பான அறையில் திறந்தால், காற்றின் ஈரம் சர்க்யூட்டின்மேல் நீராகப் படிந்துவிடும். மலைக்கு வந்து வாசிப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

என் கருவி ஒரு பழைய தேயிலைச் சல்லடை. பத்து ரூபாய் நாணயத்தின் அளவே உள்ள, அதிர்வை மின்சைகையாக மாற்றும் 27 மில்லிமீட்டர் பீசோ தகடு ஒன்றை அதன் சட்டத்தில் ஒட்டி, கம்பி வலையை விரல் நகத்தால் சுரண்டுவேன். அந்தச் சுரண்டல், ஒலியை மாற்றும் இரண்டு பெடல்களைக் கடந்து, மிக்சரின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகி உண்டாக்கும் ஃபீட்பேக்கோடு கலக்கும். இதற்கு ஸ்பீக்கர்களில் கீச்சான உயர் ஒலிகள் தெளிவாக இருக்க வேண்டும். இங்கே இருக்கும் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள் அதை நன்றாகத் தருகின்றன. கனத்த தாழ் ஒலிகளின் அதிர்வை நம்பி வாசிப்பவர்களுக்கு இந்த இடம் பொருந்தாது. அதற்கான தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் இல்லை. அப்படி ஒன்று இருந்தாலும், மரத்தளம் அந்த அதிர்வை வாங்கி, மேசையிலுள்ள பீசோவுக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

குறைகளில் பெரியது கூரை. என் வாசிப்பின் முதல் ஐந்து நிமிடம், மிக மெல்லிய பகுதி, தகரத்தில் விழுந்த மழையில் முழுவதுமாக அழிந்துபோனது. மாதக்கணக்காகத் தயாரித்த பகுதி அது என்பதால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாடகைக்கு விடுவதற்கு முன், கூரையின் உட்புறம் கயிற்றுப்பாயாவது அடித்திருக்கலாம். ஒலிச்சோதனைக்கு ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்பதும் போதாது.

ஒழுங்கு நன்றாக இருக்கிறது. வாசலில் காதடைப்பான்களை ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. மூடிய அரங்குகளுக்கு விலக்கு இருந்தும், அக்கம்பக்கத்து வீடுகளை நினைத்து 9:30-க்கே முடித்துவிடுகிறார்கள். கருவிகளை வண்டியில் ஏற்றும்போது காட்டெருமை நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே கதவைத் திறக்கிறார்கள்.

இந்தத் தேடல் நம் நாட்டுக்குப் புதிதன்று: 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர், மின்சாரத்தால் ஒலி எழுப்பும் மூக் சின்தசைசரோடு ஒரு மின்னணு இசைக்கூடத்தை அமைத்துக்கொடுத்தார். ஆனால் எந்த நிறுவனத்தையும் சாராமல், இரண்டு பெட்டிகளோடு வந்து நிற்பவருக்குக் கதவு திறக்கும் இடம் எளிதில் அமைவதில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும், தேயிலைத் தொழிற்சாலையில் பல காலம் வேலை பார்த்த ஒருவர் மேசையருகே வந்து, சல்லடையை விளக்கில் தூக்கிப் பார்த்து, "24-ஆம் நம்பர் வலை, டஸ்ட் தூள் சலிக்கிறது" என்றார். பிறகு அதைத் தொழிற்சாலையில் ஆட்டுகிற வேகத்தில் ஆட்டிக் காட்டினார். அந்தச் சத்தத்தை நான் அதுவரை எழுப்பியதில்லை. மழை இல்லாத மாசி மாதத்தில் ஒரு மாலைக்கு மறுபடியும் முன்பணம் கட்டியிருக்கிறேன்.