ரீஹிமாக்கி வண்ணப் பூச்சாடிகள்: வாங்கும்முன் வாயையும் வயிற்றையும் பாருங்கள்

ஃபின்லாந்தின் அறுபதுகளின் வண்ணக் கண்ணாடியைச் சேர்க்கத் தொடங்குகிறவர் முதலில் எதை வாங்கலாம்? ரீஹிமாக்கி என்ற ஊரின் கண்ணாடி ஆலை செய்த பூச்சாடி ஒன்றை வாங்குங்கள். நூட்டாயார்வி ஆலையில் வடிவமைப்பாளர் காய் ஃபிராங்க் செய்தவற்றுக்கும், ஈட்டலா ஆலையின் வடிவமைப்பாளர்கள் சர்ப்பனேவா, விர்க்கலா பெயர் பொறித்த பொருட்களுக்கும் பெயருக்கே தனி விலை உண்டு. ரீஹிமாக்கியின் பெரும்பாலான பூச்சாடிகள் சாதாரண வீட்டு மேசைக்கென்று செய்யப்பட்டவை. ஆயிரக்கணக்கில் ஊதினார்கள், ஏற்றுமதியும் செய்தார்கள். அதனால் இன்றும் கிடைக்கின்றன. நிறமும் கனமும் கைக்கு வரும்போது அவை எந்தப் பெரிய பெயருக்கும் இளைத்தவை அல்ல.

ரீஹிமாக்கி ஆலை 1910-ல் தொடங்கியது. ரீஹிமாயென் லாசி என்ற பெயர் 1937 முதல். ஜன்னல் கண்ணாடி, பாட்டில் எல்லாம் அங்கே செய்தார்கள். நமக்கு வேண்டிய காலம் அதன் பிற்பகுதி: ஹெலெனா டுனெல் 1946 முதலும், நான்னி ஸ்டில் 1949 முதலும், தமாரா அலாடின் 1959 முதலும் அங்கே வடிவமைத்தார்கள். மூவருக்கும் முடிவு ஆண்டு ஒன்றே, 1976. வாயால் ஊதுவதை நிறுத்திவிட்டு ஆலை முழுக்க இயந்திரத்துக்கு மாறிய ஆண்டு அது. 1990-ல் ஆலையே மூடப்பட்டது.

மூவரில் தொடக்கக்காரருக்கு ஏற்றவர் அலாடின். வளையம் வளையமாகப் புடைத்தும் இடுப்பு ஒடுங்கியும் நிற்கும் அந்த உயரமான பூச்சாடிகளைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளலாம். நிறக் கண்ணாடியின் மேல் நிறமற்ற கண்ணாடியை இன்னொரு அடுக்காக எடுத்து, அச்சுக்குள் ஊதியிருப்பார்கள். விளிம்பைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்: உள்ளே சிவப்போ பச்சையோ ஒரு வளையம், அதைச் சுற்றித் தண்ணீர் போன்ற தெளிவான வளையம். அடிப்பகுதியில் அந்தத் தெளிவான அடுக்கு தடித்து நிற்கும். சாடி முழுக்க நிறம் ஒரே அழுத்தமாகத் தெரியாமல், வளைவுக்கு வளைவு கூடிக் குறைவது இந்த அடுக்குகளின் தடிமன் மாறுவதால்தான். தேன் நிறமும் பச்சையும் எளிதாகக் கிடைக்கும். நல்ல சிவப்பு தேட வேண்டியிருக்கும், விலையும் கூடும்.

டுனெலின் அவுரிங்கோபுல்லோ, அதாவது சூரியப் பாட்டில், 1964-ல் வந்தது. தட்டையான வட்ட உடல், அதில் புடைத்த கதிர்கள், மேலே குட்டைக் கழுத்து. பல அளவுகளிலும் பல நிறங்களிலும் உண்டு. ஜன்னலோரம் வைத்தால் இதற்கு இணையில்லை, ஆனால் வாங்கும்போது ஒரு கவனம் தேவை. புடைப்புள்ள பொருளை அச்சுக்குள் சுழற்றாமல் ஊதுவார்கள். அதனால் அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். அந்தக் கோடு குறையல்ல. அச்சு தேயத் தேயக் கதிர்களின் முனை மழுங்கும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே விலையில் இரண்டு இருந்தால், விரலால் தடவி, முனை கூராக உள்ளதை எடுங்கள். அலாடினின் உருண்டைச் சாடிகளை அச்சுக்குள் சுழற்றி ஊதலாம். அப்படி ஊதியவற்றில் கோடு தெரியாது.

நான்னி ஸ்டிலின் கிராப்போனியா 1968-ஐச் சேர்ந்தது, திராட்சைக் குலைபோல் முண்டும் முடிச்சுமாக இருக்கும். அவருடைய மூடியுள்ள பாட்டில்களில் பாட்டிலைவிட மூடியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். மூடி உடைந்தபின் வேறொன்றைச் செருகி விற்பது வழக்கம். பகல் வெளிச்சத்தில் இரண்டின் நிறமும் ஒன்றா என்று பாருங்கள், பிறகு மூடியைச் செருகி இலேசாகத் திருகுங்கள். ஆடினாலோ, பாதியில் நின்றாலோ அது அந்தப் பாட்டிலுக்குப் பிறந்த மூடி அல்ல.

இனி, இந்தச் சாடிகளில் பணத்தை வீணாக்கும் குறை எது என்றால், உள்ளே படியும் வெள்ளை மங்கல். விரிசலைக்கூட யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். மங்கல் ஏமாற்றும், ஏனென்றால் அது இரண்டு வகை. ஒன்று உப்புக்கறை, தண்ணீரிலிருந்த சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. இது போய்விடும். இன்னொன்று கண்ணாடியே அரிக்கப்பட்டது. பூவோடு வாரக்கணக்கில் நின்ற தண்ணீர் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சோடியத்தை உருவி எடுக்கிறது. அதனால் நீர் காரமாகிறது, அந்தக் காரம் மேற்பரப்பையே தின்கிறது. பிறகு எதைக்கொண்டு கழுவினாலும் பழைய தெளிவு திரும்ப வராது. உள்ளிருந்து மெருகேற்றித் தரும் தொழிலாளர் உண்டு, ஆனால் கழுத்து ஒடுங்கிய சாடிக்கு அது கடினம், செலவும் சாடியின் விலையைத் தாண்டும்.

வாங்கும்முன் கேட்க வேண்டியது: நன்றாகக் காய்ந்த நிலையில், வெள்ளைத் தாளின் முன் எடுத்த படம், மேலிருந்து உள்ளே பார்க்கும் படம். ஈரமாக இருக்கும்போது இரண்டு வகை மங்கலும் மறைந்துவிடும். உள்ளே எண்ணெய் தடவிப் படம் எடுத்தாலும் அப்படித்தான். நேரில் என்றால் ஒரு விரலை நுழைத்துத் தேய்த்துப் பாருங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

வாங்கியாயிற்று, மங்கல் இருக்கிறது என்றால், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, கழுத்துவரை ஊற்றி, ஓர் இரவு வையுங்கள். காலையில் கொஞ்சம் கொட்டிவிட்டு, ஒரு கைப்பிடி பச்சரிசியும் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பும் போட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். குலுக்கக் கூடாது. மணலும் எஃகு நாரும் வேண்டவே வேண்டாம், அவை போடும் கீறல் மங்கலைவிட மோசம். இதை இரண்டு மூன்று முறை செய்தும் காய்ந்தபின் அதே இடத்தில் அதே வெண்மை வந்தால், அது அரிப்பு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெதுவெதுப்பு என்றால் கைபொறுக்கும் சூடு. அடி தடித்தும் சுவர் மெலிந்தும் இருக்கும் இரண்டடுக்குச் சாடியில் கொதிநீரை ஊற்றினால் சுவர் சட்டென்று விரியும், அடி விரிய நேரம் எடுக்கும், இரண்டும் சேரும் இடத்தில் வெடிக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் சூடும் உண்டு, காரச் சோப்பும் உண்டு. ஒரு சாடியைக் கெடுக்க அதைவிட விரைவான வழி கிடையாது.

அடுத்தது வாய். விளிம்பில் சில்லு போயிருந்தால், அந்த அளவுக்குத் தேய்த்து மெருகேற்றிவிடுவது பழைய தந்திரம். பார்வைக்குக் குறையே தெரியாது. உயரம்தான் காட்டிக்கொடுக்கும். ரீஹிமாக்கி மாதிரிகளுக்கு நான்கு இலக்க எண்ணும் குறித்த உயரங்களும் உண்டு. அதே மாதிரி எண்ணில் விற்பனைக்கு வந்த வேறு இரண்டு மூன்று சாடிகளின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். கையால் செய்த பொருளில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இயல்பு. ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் கேள்வி கேளுங்கள். வாயின் அகலமும் விளிம்பின் தடிமனும் மற்றவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

அடியில் கையெழுத்து இல்லையே என்று தயங்க வேண்டாம். இந்தச் சாடிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒட்டுத்தாள் மட்டுமே இருந்தது, அதுவும் முதல் கழுவலில் போயிருக்கும். மாறாக, சாதாரணச் சாடியில் பளபளப்பாகப் புதிதாய்க் கீறிய பெயரைக் கண்டால்தான் சந்தேகப்பட வேண்டும். பல ஆண்டுகள் மேசையில் இருந்த சாடியின் அடியில் எல்லாத் திசையிலும் மெல்லிய கீறல்கள் இருக்கும், கையெழுத்தின் கோடுகளுக்குக் குறுக்காகவும் அவை ஓட வேண்டும். ஒட்டுத்தாள் மிஞ்சியிருந்தால் அந்தப் பக்கம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒட்டுத்தாளும் இடம் மாறும் என்பதை மறக்காதீர்கள், வடிவமும் அடியும் சொல்வதை அது உறுதிப்படுத்தலாம், அவ்வளவே.

வடிவத்தில்தான் குழப்பம் வரும். ஸ்வீடனின் அல்ஸ்டர்ஃபோர்ஸ், ஓசேடா ஆலைகள் அதே காலத்தில் அதே போன்ற நிறச் சாடிகளைச் செய்தன. அல்ஸ்டர்ஃபோர்ஸின் ஸ்ட்ரோம் வடிவமைத்தவற்றில் பலவற்றின் அடியில் அவர் பெயர் இருக்கும். இங்கிலாந்தின் வைட்ஃபிரையர்ஸ் 1967-ல் கொண்டுவந்த மரப்பட்டைப் புடைப்பையும் கிராப்போனியாவோடு சேர்த்து விற்பவர்கள் உண்டு. மரப்பட்டை நெடுக ஓடும், கிராப்போனியா உருண்டு புடைக்கும், ஒருமுறை இரண்டையும் பார்த்தால் மறக்காது. இதற்கெல்லாம் மிகச் சிறந்த பயிற்சி, ரீஹிமாக்கி ஊரிலேயே உள்ள ஃபின்னியக் கண்ணாடி அருங்காட்சியகம். ஹெல்சிங்கியிலிருந்து சுமார் 70 கி.மீ., ரயில் நேராகப் போகிறது. ஒரு பகல் அங்கே செலவிட்டால் கண் பழகிவிடும்.

நிறத்தைப் படத்தில் நம்பக் கூடாது. கத்தரிப்பூ நிறத்தில் நியோடிமியம் சேர்த்த கண்ணாடி பகலில் கத்தரிப்பூவாகவும் குழல்விளக்கின் கீழ் வெளிர்நீலமாகவும் தெரியும். இரண்டும் ஒரே சாடிதான். செலினியமும் காட்மியமும் சேர்த்த சிவப்பு, செய்யும்போது மறுபடி சூடேறும்போதுதான் நிறம் பெறுகிறது, ஆகவே ஓரிடத்தில் ஆரஞ்சு, மஞ்சள் சாயல் தெரிந்தால் அது போலியென்று பொருளல்ல. சிலருக்கு அதுவே அழகு.

ஃபின்லாந்தில் வாங்குபவர்கள் தோரி, ஹூத்தோ என்ற இரண்டு இணையச் சந்தைகளையும், கிர்ப்புத்தோரி எனும் பழம்பொருள் கடைகளையும் பார்க்கலாம். சுயசேவைக் கிர்ப்புத்தோரியில் பொருளை விற்பவர் மேசையை வாடகைக்கு எடுத்துப் பொருளை வைத்துவிட்டுப் போய்விடுவார், ஒட்டிய விலைதான் விலை, பேரம் பேச ஆளிருக்காது. ஹெல்சிங்கியின் ஹியேத்தலாஹ்தி திறந்தவெளிச் சந்தையில் பேசலாம், சாடியைச் சூரியனுக்கு நேரே தூக்கியும் பார்க்கலாம். விளம்பரங்களில் சில சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்: எஹ்யா என்றால் குறையற்றது, சாரோ விரிசல், லோஹ்கெயாமா சில்லு, நார்மு கீறல், கல்க்கி உப்புக்கறை. தேடும்போது மல்யாக்கோ என்ற பூச்சாடிச் சொல்லோடு நிறுத்தாமல் புல்லோ, அதாவது பாட்டில், என்றும் தேடுங்கள். டுனெல், ஸ்டில் வடிவமைத்த நல்ல பொருட்கள் பல அந்தப் பெயரில்தான் இருக்கும்.

அஞ்சலில் வரவழைத்தால் பெட்டிக்குள் பெட்டி வேண்டும் என்று விற்பவரிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் நிரப்பு இருக்க வேண்டும். கழுத்துக்குள் தாளை இறுக்கித் திணிக்கக் கூடாது, கழுத்தைச் சுற்றித்தான் மெத்தை வேண்டும். அலாடின் சாடியில் கனம் எல்லாம் அடியில் இருக்கிறது, பெட்டி விழுந்தால் அந்தக் கனம் மெல்லிய கழுத்தை இழுத்து முறிக்கும். பெட்டி கையில் வந்ததும், குளிர்காலமானால் உடனே திறக்காமல் சில மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரவிட்டுத் திறங்கள்.