மென்மையான அலுமினியத்துக்கு 6 மி.மீ. ஒற்றை ஃப்ளூட் கார்பைட் கட்டர்: வாங்கலாமா?

6061-டி6 என்ற கடின அலுமினியக் கலவையை வெட்டும் சிஎன்சி ரவுட்டரில் (கணினி கட்டுப்பாட்டில் வெட்டும் இயந்திரம்), அதே செட்டிங்கோடு 1100 அல்லது 5052 என்ற மென்மையான அலுமினியத் தகட்டைப் போட்டுப் பாருங்கள். முதல் ஸ்லாட் (நீள் பள்ளம்) முடிவதற்குள் கட்டரில் அலுமினியம் அப்பிக்கொள்ளும், அடுத்த சில நொடியில் பிட் ஒடியும். 6061-டி6 கடினமானது, சிப் (வெட்டுப்பட்ட சீவல்) உடைந்து விழும். 1100, 3003, 5052 எல்லாம் இழுபடும் ரகம், வெட்டு முனையிலேயே ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்க் கடைகளில் 19000, 31000, 52000 என்று கேட்டால் கிடைப்பவை இவைதான்.

இந்த வேலைக்குப் பூச்சு இல்லாத, பாலிஷ் செய்த, ஒற்றை ஃப்ளூட் (ஒரே வெட்டுப் பல்) உள்ள, அப்கட் (சிப்பை மேலே தள்ளும்) கார்பைட் கட்டரைத் தாராளமாக வாங்கலாம். காரணம் கணக்கில் இருக்கிறது. ரவுட்டர் ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் மோட்டார்) 18,000 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது. ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ. சிப் வேண்டுமென்றால், ஒற்றை ஃப்ளூட்டுக்கு நிமிடத்துக்கு 900 மி.மீ. ஃபீட் (கட்டர் முன்னேறும் வேகம்) போதும். மூன்று ஃப்ளூட் கட்டருக்கு 2,700 வேண்டும். பெல்ட்டில் ஓடும் சிறிய ரவுட்டர் அந்த வேகத்தில் உலோகத்தைத் தள்ளாது. அதனால் ஃபீட்டைக் குறைப்போம். சிப் மெலிந்துபோய், பல் வெட்டாமல் தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூடானால் ஒட்டல். பயந்து மெதுவாக ஓட்டுவதுதான் இங்கே கட்டரைக் கொல்கிறது. சிப் தூளாகப் பறந்தால் ஃபீட்டை ஏற்றுங்கள், கையில் எடுத்தால் சுருளாக, கனமாக இருக்க வேண்டும்.

இன்னொரு நன்மை, சிப் வெளியேற இடம் தாராளம். அப்படியும் ஸ்லாட்டில் சிப் தங்கிவிட்டால் பல் அதையே திரும்ப அரைக்கும். காற்று கட்டாயம், அதுவும் கட்டரின் அடிக்கே குறிவைத்து அடிக்க வேண்டும். 6 மி.மீ. அகலத்தில் அப்படியே ஸ்லாட் போடாதீர்கள், 7 மி.மீ. ஆக வரைந்து சுற்றிவந்து வெட்டுங்கள். ஆழம் பாஸுக்கு 0.5 மி.மீ.யில் தொடங்கலாம். அடாப்டிவ் பாதை (கட்டரின் சுமை ஒரே அளவில் இருக்கும்படி மென்பொருள் போடும் பாதை) என்றால் பக்கவாட்டில் 0.6 மி.மீ. மட்டும் எடுத்து ஆழத்தைக் கூட்டலாம். நேராகக் குத்தி இறக்குவது வேண்டாம், 2 முதல் 3 டிகிரி ராம்ப் (சரிவாக இறக்குவது) போதும். ஃபினிஷிங்குக்கு 0.1 முதல் 0.2 மி.மீ. விட்டு வையுங்கள். 0.02 மட்டும் விட்டால் மறுபடி தேய்ப்புதான்.

மசகு இல்லாமல் 1100 வெட்டவே முடியாது என்று நினைத்துக்கொள்வது நல்லது. மிஸ்ட் யூனிட் (மசகைப் பனிபோல் தெளிக்கும் கருவி) இருந்தால் சிறப்பு. இல்லையென்றால் டபிள்யூடி-40 அல்லது மண்ணெண்ணெயைப் பிரஷ்ஷால் தொட்டுவிடலாம். எரியும் திரவத்தைத் தெளிப்பானில் ஊற்றிப் புகைபோல் அடிப்பது மட்டும் கூடவே கூடாது.

பூச்சு விஷயத்தில் கவனம். டிஐஏஎல்என் (டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு) பூச்சுள்ள கட்டர் ஸ்டீலுக்கு அருமை. அந்தப் பூச்சிலேயே அலுமினியம் இருப்பதால் இந்த வேலைக்கு அது ஆகாது. செலவு செய்ய மனமிருந்தால் டிஎல்சி (வைரம் போன்ற கார்பன்) அல்லது இசட்ஆர்என் (சிர்கோனியம் நைட்ரைடு) பூச்சுள்ளதை எடுங்கள், ஒட்டல் நன்றாகவே குறையும். காற்றும் மசகும் சரியாக இருந்தால் பூச்சில்லாததே போதும்.

குறைகளும் உண்டு. ஒரே பல் என்பதால் வெட்டு தட்டித் தட்டி நடக்கும், கேன்ட்ரி (ஸ்பிண்டிலைத் தாங்கும் குறுக்குப் பாலம்) தளர்வாக இருந்தால் சுவரில் அலை தெரியும். ரன்அவுட் (கட்டர் மையம் விலகிச் சுற்றுவது) இருந்தாலும் சிப் அளவு மாறாது, ஆனால் ஸ்லாட்டின் அகலம் மாறிவிடும். அளவு முக்கியமான வேலைக்கு முதலில் துண்டுத் தகட்டில் வெட்டி, வெர்னியரில் பார்த்து, டூல் விட்டத்தைத் திருத்துங்கள். அப்கட் மெல்லிய தகட்டை மேலே தூக்கும், 1 மி.மீ. ஷீட்டை ஓரத்தில் மட்டும் கிளாம்ப் செய்தால் நடுப்பகுதி அதிரும். முழுப் பரப்பையும் ஒட்டிப் பிடிக்க வேண்டும்.

கடையில் 22 மி.மீ. வெட்டு நீளம் உள்ளதைத்தான் முதலில் நீட்டுவார்கள். 3 மி.மீ. தகட்டுக்கு அது வீண், 12 மி.மீ. இருந்தால் அதை எடுங்கள். கோலட்டிலிருந்து (கட்டரைப் பிடிக்கும் கவ்வி) வெளியே நிற்கும் நீளம் இரட்டிப்பானால் வளைவு எட்டு மடங்காகிறது.

அப்பிய கட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். நீரில் கரைத்த காஸ்டிக் சோடாவில் போட்டால் அலுமினியம் கரைந்துவிடும், கார்பைட் நிற்கும். ஹைட்ரஜன் வரும் என்பதால் திறந்த வெளியில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். கழுவியபின் லென்ஸில் முனையைப் பாருங்கள். சின்னச் சிதைவு தெரிந்தாலும் அந்த பிட்டை மரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.