காட்பாடியில் ஜி புரத வகுப்பு: இரண்டு சனிக்கிழமைகள்

செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள், வெளியிலிருந்து வரும் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி புரதத்தை எவ்வாறு இயக்குகின்றன என்ற பாடத்துக்காக, காட்பாடி காந்தி நகரில் ஒரு மாடியில் நடக்கும் வகுப்புக்கு என் மருந்தியல் மாணவர்கள் ஐவரை அழைத்துச் சென்றிருந்தேன். இரண்டு சனிக்கிழமைகள், தலா மூன்று மணி நேரம். கட்டணம் ஒருவருக்கு 600 ரூபாய்.

வகுப்பின் சிறப்பு அங்குள்ள மாதிரிதான். மரப்பலகையில் செங்குத்தாக நிற்கும் ஏழு பி.வி.சி. குழாய்கள், செல் சவ்வை ஏழு முறை ஊடுருவும் ஏற்பியின் சுருள்களைக் குறிக்கின்றன. மேலே அட்ரினலினுக்கான மரத்துண்டைப் பொருத்தினால், ஆறாவது குழாயின் அடிமுனை வெளிப்பக்கமாக விலகுகிறது. அட்ரினலின் பொருந்தும் பீட்டா-2 ஏற்பியும் ஜி புரதமும் இணைந்த நிலையின் படிக அமைப்பு 2011-இல் வெளியானபோது, இந்த விலகல் சுமார் 14 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) என்று தெரிந்தது. அப்படித் திறந்த குழிக்குள் ஜி புரதத்தின் மூன்று அலகுகளில் ஒன்றான ஆல்ஃபா அலகின் வால்முனைச் சுருளை ஒரு மாணவி நுழைத்தாள். அந்தக் கணமே, அலகின் நடுவில் பிடிபட்டிருந்த சிவப்பு மணி கழன்று மேசையில் உருண்டது. அதுதான் குவானோசின் டைபாஸ்பேட்.

டைபாஸ்பேட் கழன்ற இடத்துக்கு ஏற்பிதான் குவானோசின் டிரைபாஸ்பேட்டை எடுத்துக் கொடுக்கிறது என்று என் மாணவர்கள் வெகுநாளாக நம்பியிருந்தார்கள். உண்மையில் ஏற்பியின் வேலை டைபாஸ்பேட்டின் மீதான பிடியைத் தளர்த்துவதோடு முடிகிறது. செல்லுக்குள் டிரைபாஸ்பேட் பல மடங்கு மிகுதியாக இருப்பதால் காலியான இடத்தில் அதுவே வந்து அமர, ஆல்ஃபா அலகு மற்ற இரு அலகுகளான பீட்டா-காமா இணையை விட்டுப் பிரிந்து இயங்கத் தொடங்குகிறது. டைபாஸ்பேட், டிரைபாஸ்பேட் இரண்டின் ஆங்கிலச் சுருக்கங்களும் தமிழில் எழுதினால் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், ஆசிரியர் ஒவ்வொரு முறையும் முழுப்பெயரையே சொன்னது பெரிய உதவி.

குறை ஒன்று உண்டு. ஆல்ஃபா அலகு தானே டிரைபாஸ்பேட்டின் கடைசிப் பாஸ்பேட்டை வெட்டித் தன் இயக்கத்தை நிறுத்திக்கொள்ளும் பகுதியைக் கடைசிப் பத்து நிமிடத்தில் அவசரமாக முடித்துவிட்டார்கள். காலரா நச்சு தடுப்பது இந்த வெட்டைத்தான். இயக்கம் நிற்காததால் குடல் செல்களில் சுழற்சி ஏ.எம்.பி. என்னும், செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறு ஏறிக்கொண்டே போய், உப்பும் நீரும் வெளியே கொட்டுகின்றன. பேருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடப்பதற்குள் இதை நான்தான் மாணவர்களுக்குச் சொல்லி முடித்தேன். இந்தப் பகுதிக்கென மூன்றாவது சனிக்கிழமை ஒன்றைச் சேர்த்தால், கட்டணம் 900 ரூபாய் ஆனாலும் அடுத்த ஆண்டு வகுப்பு முழுவதையும் அழைத்துச் செல்வேன்.