ஆஸ்கர் கூட சில்வர் டாலர்: 3 வருஷம் கழிச்சு சொல்றேன்

போன வாரம் ஃப்ரெண்டு ஒருத்தன் போன் பண்ணி, "டேய், டைகர் ஆஸ்கர் மீன் ஒண்ணு வாங்கிட்டேன், ரெண்டு இஞ்ச்தான் இருக்கு, கூட என்னடா விடலாம்"னு கேட்டான். கேட்ட நேரம் சரியில்ல. முந்தின ராத்திரி நான் தூங்கவே இல்ல, காரணம் என் தொட்டில ஆஸ்கர் கூட இருக்குற 5 சில்வர் டாலர் மீன். அதனால அவன்கிட்ட கத்திட்டு வச்சுட்டேன், நியாயமா சொல்ல வேண்டியத இங்க எழுதுறேன்.

தொட்டி 5க்கு 2க்கு 2 அடி, 560 லிட்டர் பக்கம் வரும். ஆஸ்கர் இப்ப 11 இஞ்ச். வாய்க்குள்ள போறது எல்லாம் அதுக்கு சாப்பாடு, போகாதத கடிச்சுப் பாக்கும். முதல் விஷயம் எல்லாருக்கும் தெரியும், ரெண்டாவதுலதான் நாம மாட்டுறோம். பெரிய மீனா விட்டா போதும்னு நினைச்சுடுறோம், ஆனா அது முழுங்க வராது, வாலத்தான் வந்து கவ்வும், சும்மா போற போக்குல.

சென்னை கொளத்தூர்ல ஒரு கலர் மீன் கடைல வாங்குறப்ப "எல்லாம் சேந்து இருக்கும் சார், சின்னதுலருந்தே பழகிடும்"னாங்க. நம்பி ரெண்டு ஏஞ்சல் மீன் விட்டேன். அந்த நீள நீளமான துடுப்பு ஒரே வாரத்துல நார் நாரா தொங்குச்சு. அப்புறம் டைகர் பார்ப் ஆறு, அதுங்க முதல்ல குட்டி ஆஸ்கரோட வாலத்தான் கடிச்சுது, எனக்கே பாவமா இருந்துச்சு, மூணு மாசம் கழிச்சு ஒவ்வொண்ணா காணாம போக ஆரம்பிச்சப்ப கணக்கு சரியாப் போச்சுன்னு விட்டுட்டேன். பேரட் மீன நானா விடல. அதுக்கு வாய் சரியா மூடாது, கடி வாங்குனா திருப்பிக் கடிக்கக்கூட முடியாது, அதக் கொண்டுபோய் இவன்கிட்ட விடுறது என்ன நியாயம்?

சக்கர் கதை தனி. கிளீனர் மீனுன்னு எல்லாரும் ஒண்ணு போட்டுடுறாங்க. குட்டியா விட்டா ஆஸ்கர் முழுங்கப் பாக்கும், சக்கர் பயந்து முள்ள விரிச்சா தொண்டைல மாட்டும், ரெண்டுக்கும் ஆபத்து. நான் பெருசாத்தான் விட்டேன். ஆனா ராத்திரி ஆஸ்கர் அசையாம கிடக்குறப்ப இது போய் விலால ஒட்டிக்கிட்டு மேல இருக்குற வழவழப்ப உறிஞ்சிருக்கு, காலைல பாத்தா உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப் போய் கிடந்துச்சு. இன்னொருத்தருக்குக் குடுத்துட்டேன். வேணாம்னா இப்படி யாருக்காவது குடுங்க, ஏரில விட்டுடாதீங்க, நம்ம ஏரி குளமெல்லாம் ஏற்கனவே சக்கரா கிடக்கு.

அப்புறம்தான் சில்வர் டாலர். ஜோடி கணக்குலதான் குடுப்பாங்க, மூணு ஜோடி எடுத்தேன். அப்ப அதுங்க மூணு இஞ்ச், ஆஸ்கர் நாலு. ஒண்ணு முதல் மாசமே மூடிய சரியா வைக்காத நாள்ல வெளிய குதிச்சுடுச்சு, அது என் தப்பு. மிச்சம் அஞ்சும் இன்னிக்கு வரைக்கும் இருக்கு. உடம்பு தட்டு மாதிரி இருக்குறதால வாய்க்குள்ள போகாது, துரத்துனா சட்டுனு திரும்பிடும், கூட்டமா சுத்துறதால ஆஸ்கருக்கு எவன குறி வைக்கிறதுன்னே தெரியாது. எப்பவாவது வால் ஓரம் கிழியும், தண்ணி ஒழுங்கா மாத்துனா தானா வளந்துடும். ரெண்டே ரெண்டு மட்டும் விட்டா இந்தக் கதை நடக்காது, அஞ்சாறாவது வேணும்.

இதுல வேடிக்கை என்னன்னா சில்வர் டாலர் பிரானாவுக்கு சொந்தக்கார மீன். ஆஸ்கர் வால் பக்கத்துல ஒரு கண்ணு மாதிரி பொட்டு இருக்குல்ல, அது அமேசான்ல வாலக் கடிக்க வர்ற பிரானாவ ஏமாத்தத்தான்னு ஒரு கருத்து உண்டு. அந்தக் குடும்பத்துலருந்து வந்ததுங்க இங்க பசலக்கீரைய ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டா பத்து நிமிஷத்துல தண்டு மட்டும் மிச்சம் வைக்குதுங்க. அதப் பாக்கத்தான் நான் ஆபீஸ்லருந்து சீக்கிரம் வரேன்னு வீட்ல சொல்றாங்க, பொய்யில்ல. செடி வைக்கிற ஆசை இருந்தா மட்டும் மறந்துடுங்க.

இன்னொண்ணு, முன்னாடி தண்ணி மாத்துனா ஆஸ்கர் கோச்சுக்கிட்டு மூலைல ஒருக்களிச்சுப் படுத்துடும், செத்துட்டானோன்னு ரெண்டு தடவ கைய விட்டுப் பாத்திருக்கேன். இதுங்க வந்தப்புறம் அந்த நாடகம் கொறஞ்சு போச்சு.

சரி, தூக்கம். ராத்திரி கரண்ட் போயி இன்வெர்ட்டர் மாறுற அந்த ஒரு நொடி இருக்கே, லைட் அணைஞ்சு எரியுது, உடனே அஞ்சும் நாலு பக்கம் பாயுது, டமார் டமார்னு கண்ணாடில. இப்ப ஒவ்வொண்ணும் ஆறு இஞ்ச், சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேக்கும். ஒரு தடவ என் வைஃப் திருடன்னு நெனச்சு என்ன எழுப்பிட்டா. மிக்ஸி போட்டா பாயும், பாப்பா ஓடி வந்தா பாயும், மூக்கு செவந்து செதில் உதிரும், பாக்கவே வயிறு எரியும். ஆஸ்கர் மட்டும் நடுவுல அசையாம நின்னு என்னப் பாக்கும், நான் என்னமோ பண்ணிட்ட மாதிரி. ஹால்ல நைட் லேம்ப் விடியவிடிய எரியுது, தொட்டி லைட்ட இன்வெர்ட்டர் லைன்லருந்து பிரிச்சாச்சு, ஹால் லைட்டப் போட்டு கொஞ்ச நேரம் கழிச்சுதான் தொட்டி லைட்டப் போடுறேன். பாதி கொறஞ்சிருக்கு. பாதிதான். போன வாரம் ஒரே ராத்திரில நாலு தடவ கரண்ட் போச்சு.

அந்தக் கடுப்புலதான் ஃப்ரெண்டுகிட்ட "ஆஸ்கர ஒத்தையா வளடா, கூட ஒண்ணும் விடாத, சில்வர் டாலர் பேரையே எடுக்காத, வேணும்னா என்னோட அஞ்சையும் வந்து அள்ளிக்கிட்டுப் போ"ன்னேன். அவன் இதான் சாக்குன்னு "சரிடா, ஞாயித்துக்கிழம வரேன்"னுட்டான், பெரிய கவரும் ஆக்சிஜனும் ரெடி பண்ணிட்டானாம். நேத்து சாயங்காலம் கீரை கட்டுனப்ப அஞ்சும் வரிசையா வந்து நின்னுதுங்க. ஞாயித்துக்கிழம நான் ஊர்லயே இல்லன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.