அசோகம் என்று கேட்டேன், நெட்டிலிங்கத்தைக் கொடுத்துவிட்டார்கள்

நான்கு வருடமாக அசோகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது நெட்டிலிங்கம். போன வாரம்தான் தெரிந்தது.

சீதை உட்கார்ந்திருந்த மரம் வீட்டில் ஒன்று வேண்டும் என்பது அம்மாவின் ரொம்ப நாள் ஆசை. கிணற்றடியில் அரைநிழலும் ஈரமும் இருக்கும், அசோகத்துக்கு ஏற்ற இடம். நெடுஞ்சாலை ஓரத்து நர்சரி ஒன்றில், "கொத்துக் கொத்தாக ஆரஞ்சு நிறத்தில் பூக்குமே, அந்த அசோகம்" என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். செடிக்காரர் செம்பு நிறத்தில் தொங்கிய துளிரைத் தூக்கிக் காட்டி, "துளிரைப் பாருங்க சார், அசல் அசோகா" என்றார். கன்று 450 ரூபாய் வீதம் இரண்டு வாங்கினேன்.

இரண்டும் கம்பம் மாதிரி நெடுநெடுவென்று உயர்ந்தன, பக்கவாட்டில் விரியவே இல்லை. விடுமுறைக்கு வந்த அக்கா மகள் தாவரவியல் படிக்கிறாள். கிளையை வளைத்துப் பார்த்தவள், "மாமா, இது தனியிலை, ஒரு காம்புக்கு ஒரே இலை" என்றாள். இலைகள் மாறி மாறி இருந்தன, ஓரம் அலையலையாக நெளிந்திருந்தது. ஒவ்வொரு இலைக்காம்பும் கிளையில் சேரும் இடத்தில் கடுகளவு மொட்டு. அசோகத்துக்கோ கூட்டிலை. ஒரே காம்பில் நான்கைந்து ஜோடி நீளமான சிற்றிலைகள் எதிரெதிராக இருக்கும், ஓரம் நெளியாது, சிற்றிலையின் அடியில் மொட்டும் இருக்காது. துளிர் இரண்டிலும் செம்பு நிறமாகத்தான் தொங்கும். அதைக் காட்டித்தான் என் தலையில் கட்டியிருக்கிறார்.

பில்லை எடுத்துக்கொண்டு போனேன். அதில் 'அசோகா - 2' என்று மட்டும் இருந்தது. "ஊரே நெட்டிலிங்கத்தை அசோகான்னுதான் சார் சொல்லுது" என்றார். சொல்கிறார்கள்தான். ஆனால் நான் பூவின் நிறத்தைச் சொல்லிக் கேட்டேனே! நெட்டிலிங்கத்தின் பூ வெளிர்பச்சை, இலைக்குள் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. பணமும் தரவில்லை, மாற்றுக் கன்றும் தரவில்லை. அம்மாவுக்கு 78 வயது. அந்த நான்கு வருடத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இன்னொன்று. அசோகப் பட்டை கர்ப்பப்பை சம்பந்தமான நாட்டு மருந்துகளில் சேர்வது. எதிர்வீட்டு அக்கா பட்டை கேட்டபோது, மரம் கொஞ்சம் பெருக்கட்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். நல்ல வேளை, கொடுக்கவில்லை. கடைப் பட்டையிலும் நெட்டிலிங்கத்தைக் கலப்பது உண்டு, கவனம்.

கன்று வாங்கும்போது துளிரை விட்டுவிட்டு முற்றிய இலையைப் பாருங்கள். பில்லில் அசோகத்தின் தாவரவியல் பெயரை, 'சராகா அசோகா' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த நர்சரிக்குப் போய்விடுங்கள்.

நெட்டிலிங்கத்தை நான் வெட்டப்போவதில்லை, அதன் மேல் என்ன தப்பு? கிணற்றுக்கு அந்தப் பக்கம் புதுக் குழி தோண்டியாயிற்று.